ஒரு துறைமுக ஊழியர்

உவர்மலை,
திருகோணமலை.
14.07.1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

எப்போதும் உங்கள் சுகத்தையும் மச்சாளின் சுகத்தையும் விசாரித்துவிட்டுத்தான் தொடங்குவேன். இன்று அதற்கு மனம் வரவில்லை. இவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்றோடு பதினொரு நாள்.

சண்டை திரும்பத் தொடங்கியதிலிருந்து துறைமுகத்தில் வேலை நடக்கவில்லை. இந்த மாதம் இரண்டாம் திகதி, எழுதுவினைஞர்கள் எல்லாரும் திரும்பி வரவேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். வெளியில் ஒரு கப்பல் நிற்கிறதாம், இறக்கும் மூட்டைகளை எண்ணி எழுத ஆள் வேண்டுமாம். போகவேண்டாம் என்று நான் சொன்னேன். "பதினெட்டு வருஷமா அந்த வாசலால போய் வாறன். என்னைத் தெரியாதவன் ஆர் அங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாள் சைக்கிளை எடுத்தார்.

பின்னேரம் அந்தச் சைக்கிளை முத்தலிப் நானா உருட்டிக்கொண்டு வந்தார். இவரோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவர், நீங்கள் ஒருமுறை எங்கள் வீட்டில் கண்டிருக்கிறீர்கள். படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்று சொன்னார்: "தங்கச்சி, வாசலில ஒரு ஜீப் நிண்டது. உள்ளுக்கு முகத்த மூடினபடி ஒருத்தன், ஆள் காட்டிக்குடுக்கிறவன். எங்கள ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால விட்டவங்க. பாக்கியத்தார் போகேக்க அவன் தலைய ஆட்டிப்போட்டான். அஞ்சு பேரை மறிச்சவங்க. நான் கண்ணால கண்டனான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஆமி முகாம் வாசலுக்குப் போகிறேன். ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்து பார்க்கிறார்கள், மூடுகிறார்கள். "அப்பிடிப் பேர் ஒண்டும் இங்க இல்ல" என்கிறார்கள். கொண்டுபோனதே இல்லையாம். நேற்று ஒருவர் சிரித்துக்கொண்டு, "உங்கட மனுசன் இயக்கத்தோட காட்டுக்குப் போயிருப்பார், அங்க போய்த் தேடுங்க" என்றார்.

அண்ணா, நீங்கள் அந்த நாட்டுச் செனற் சபையில் இருக்கிறீர்கள். பெரியவர்கள் கேள்வி கேட்கிற இடம். அங்கே யாராவது எழுந்து இவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால், அது ஒரு காகிதத்தில் வந்தால், இல்லை என்று இவர்களால் சொல்ல ஏலாது. அதைச் செய்யுங்கள். வேறு எதுவும் உங்களிடம் கேட்கவில்லை.

ராசமலர் சாப்பிடுகிறாளில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லித் தேற்றுவது.

தபால் நிச்சயமில்லை என்பதால் கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

அன்புத் தங்கை,
பூரணி

○

30.07.1990

அன்புத் தங்கச்சி பூரணிக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன். பிறகு கழிவறைக்குள் போய் நின்றுதான் முழுவதையும் வாசித்தேன். பாக்கியத்தை இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. ஒரு கூட்டத்தில்கூடச் சத்தமாகப் பேசாத மனுசன்.

என் வேலை என்னவென்று நீ சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். நான் சபையில் பேசுகிறவன் இல்லை. பேசுகிறவர்களுக்கு நேரத்தையும் முறையையும் ஒழுங்குபடுத்தும் அலுவலகத்தில் இருக்கிறேன். சபை கூடும் நாட்களில் காலை எட்டு மணிக்கு முன்பே அன்றைய ஒழுங்குப் பத்திரம் அச்சாகி வந்துவிட வேண்டும். எந்த மசோதா முதலில், யாருடைய திருத்தம் அடுத்து, எவர் எத்தனை நிமிடம், கேள்வி நேரம் எப்போது, எது நாளைக்குத் தள்ளிப்போகிறது, எல்லாம் அதில் இருக்கும். இரண்டு கட்சிக்காரரும் எங்கள் மேசைக்கு வந்துதான் சண்டை பிடிப்பார்கள், எங்கள் மேசையில்தான் சமாதானமும் ஆவார்கள். எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்பதால்தான் எல்லாரும் எங்களை நம்புகிறார்கள். கொழும்பில் நம்முடைய செனற் சபையைக் கலைக்கும்வரைக்கும் அங்கேயும் நான் இப்படித்தான் இருந்தேன்.

ஆகவே நான் ஒரு செனற்றரிடம் போய், என் மச்சானுக்காக ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்ல முடியாது. சொன்னால் அன்றைக்கே அந்தக் கதிரையில் இருந்து எழும்ப வேண்டியதுதான்.

ஆனால் வேறு வழி இருக்கிறது. இங்குள்ள நம் சங்கத்தின் தலைவர் தவராசா, இந்த நாட்டுப் பிரசை. அகதிகளைப் பற்றி அடிக்கடி கேட்கும் பெண் செனற்றர் ஒருவரை அவருக்குத் தெரியும். உன் கடிதத்தின் விபரங்களை அவரிடம் கொடுத்திருக்கிறேன். என் பெயர் எங்கும் வரக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். நீ பாக்கியத்தின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வேலைக்குச் சேர்ந்த ஆண்டு எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. கண்ட ஒருவர் கையெழுத்திட்ட கூற்று இருந்தால் மிகவும் நல்லது. அது இல்லாமல் ஒருவருடைய பெயரைச் சபையில் ஏற்கமாட்டார்கள்.

உங்களுக்கு ஆடி வெயில், இங்கே இப்போதுதான் கடுங்குளிர். மச்சாள் சிவயோகம் உன்னை நினைத்து அழுதபடி இருக்கிறாள்.

உன் நன்மையே வேண்டும்,
அண்ணன் அருளம்பலம்

○

உவர்மலை,
20.08.1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்டவற்றை ராசமலர் அழகான எழுத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறாள். அடையாள அட்டை அவருடைய சேட்டுப் பையில் போய்விட்டது. இலக்கத்தை அரிசிக் கூப்பன் புத்தகத்தில் கண்டுபிடித்தோம்.

கூற்றுக்காக முத்தலிப் நானாவின் வீட்டுக்குப் போனேன். இப்போது எங்கள் ஆட்கள் முஸ்லிம்களின் பக்கம் போவதும் குறைவு, அவர்கள் இந்தப் பக்கம் வருவதும் குறைவு. இரண்டு பக்கத்திலும் செத்த வீடுகள். அவருடைய மனைவி ரபீக்கா என்னைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நான் விஷயத்தைச் சொன்னதும் நானா எழும்பி யன்னலையும் சாத்திவிட்டுச் சொன்னார்:

"கண்டனான் எண்டு வாயால ஆயிரம் தரம் சொல்லுவன் தங்கச்சி. எழுத்தில வைக்கிறது வேற கதை. நாளைக்கும் நான் அந்த வாசலாலதான் போகவேணும். எனக்கு மூண்டு பிள்ளையள்."

நான் எழும்பினேன். குறை சொல்ல எனக்கு என்ன உரிமை. படலை வரைக்கும் வந்துவிட்டேன். ரபீக்கா பின்னால் ஓடிவந்து, "கொஞ்சம் நில்லுங்க, அவர் சேட்டு மாத்துறார்" என்றாள்.

இரண்டு பேருமாகச் சமாதான நீதவானிடம் போனோம். நானா சொல்லச் சொல்ல அவர் தமிழில் எழுதினார். கையெழுத்து வைக்கும்போது நானாவின் கை நடுங்கி முதல் எழுத்து பிழைத்துப்போயிற்று. அதை வெட்டிவிட்டு மறுபடியும் வைத்தார். நீதவான் முத்திரை குத்தினார். அந்தத் தாளைத்தான் அனுப்புகிறேன். பத்திரம் அண்ணா. அதில் இரண்டு குடும்பம் இருக்கிறது.

அன்புத் தங்கை,
பூரணி

○

24.09.1990

அன்புத் தங்கச்சி பூரணிக்கு,

நல்ல செய்தி. கேள்வி சபையில் வந்துவிட்டது.

எளிதாக வரவில்லை. முதலில் பதினோராம் திகதிக்கென்று பத்திரத்தில் போட்டிருந்தது. அன்று குவைத்துக்குக் கப்பல் அனுப்பியது பற்றி விவாதம் நீண்டு கேள்வி நேரத்தையே விழுங்கிவிட்டது. அடுத்த நாள் ஒரு வரி மசோதா. திருத்தத்துக்கு மேல் திருத்தம், ஒவ்வொன்றுக்கும் வாக்கெடுப்பு, ஒவ்வொரு வாக்கெடுப்புக்கும் மணி அடித்து உறுப்பினர்களைக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டி எண்ணவேண்டும். மறுபடியும் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போனது என்று பத்திரத்தில் எழுதியது நான்தான். பத்தொன்பதாம் திகதி அந்தப் பெண் செனற்றர் எழுந்தார். திருகோணமலையில் துறைமுக வாசலில் வைத்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டது உண்மையா, இந்த அரசாங்கம் இலங்கை அரசாங்கத்திடம் விளக்கம் கேட்குமா என்று கேட்டார். கொழும்பிலுள்ள தூதரகத்தின் மூலம் விசாரிப்போம் என்று அமைச்சர் பதில் சொன்னார். சபையில் அன்று முப்பது பேர் வரை இருந்தார்கள்.

நான் ஓரத்து மேசையில் இருந்தேன். இனி ஏதாவது நடக்கும். தைரியமாக இரு. ராசமலரைப் படிக்கச் சொல்.

அண்ணன் அருளம்பலம்

○

உவர்மலை,
12.10.1990

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கோயிலில் வைத்து வாசித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பசித்தது. ராசமலரும் நானும் புட்டு அவித்துச் சாப்பிட்டோம்.

அந்தக் கேள்வி அச்சாகி வந்த பக்கத்தை உடனே அனுப்புங்கள். வெளிநாட்டுத் தொண்டர்கள் சிலர் ஊருக்குள் வந்திருக்கிறார்கள். முகாமுக்குள் போய்ப் பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடைக்கப் போகிறதாம். காகிதத்தில் உள்ள பெயர்களைத்தான் அவர்கள் கேட்பார்களாம். இவரோடு பிடிபட்ட இரத்தினசிங்கத்தின் பெயர் அவர்களிடம் இருக்கிறது. இலண்டனில் உள்ள அவருடைய தம்பி ஒரு சங்கத்தின் பட்டியலில் போட்டுவிட்டான். அவருடைய மனைவி நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கட அண்ணர் பாராளுமன்றத்திலயே போட்டிட்டார், உங்களுக்கு என்ன பயம்" என்று சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பேசும்போது பெயரைச் சரியாக உச்சரித்தார்களா? வெள்ளைக்காரருக்குப் பாக்கியரத்தினம் என்பது வாயில் வந்திராது. அதுபற்றி ஒன்றும் எழுதவில்லையே நீங்கள்.

அன்புத் தங்கை,
பூரணி

○

05.11.1990

அன்புத் தங்கச்சிக்கு,

நீ கேட்ட பக்கத்தை இணைத்திருக்கிறேன். சபை நாளாந்தம் கூடுவதால் எழுதப் பிந்திவிட்டது.

தனிப்பட்டவர்களின் பெயர்களைக் கேள்வியில் போடுவதற்கு இங்கே கடுமையான விதி உண்டு. அதனால் அந்த இடத்தில் பொதுவாகப் போட்டிருக்கிறது. கருத்தில் மாற்றமில்லை. அமைச்சர் தந்த உறுதிமொழிதான் முக்கியம்.

மச்சாளுக்கு முழங்கால் நோ. மற்றும்படி ஒன்றுமில்லை.

அண்ணன் அருளம்பலம்

○

உவர்மலை,
03.12.1990

அண்ணாவுக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கத்தை ராசமலர் மேலிருந்து கீழ்வரை மூன்று முறை வாசித்தாள். பிறகு நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீசு அவ்வளவு வராது, ஆனால் அவருடைய பெயரை எந்த எழுத்தில் இருந்தாலும் கண்டுபிடிப்பேன். இல்லை. "அப்பாவ 'ஒரு துறைமுக ஊழியர்' எண்டு போட்டிருக்கினம் அம்மா" என்றாள் பிள்ளை.

ஆனாலும் கொண்டுபோனேன். தொண்டர் நிறுவனத்துப் பெண் நல்ல மாதிரி. அவள் அதை வாசித்துவிட்டு, தமிழ் தெரிந்த தன் உதவியாளரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் திருப்பிச் சொன்னார்: "துறைமுகத்தில நூற்றுக்கணக்கான ஆக்கள் வேலை செய்யினம் அம்மா. இதில ஆரெண்டு இவவால முகாமில கேக்க ஏலாது." புதிதாகப் பெயர் பதிந்தார்கள். அது அடுத்த முறைக்குத்தான் செல்லுமாம். அவர்கள் முகாமுக்குள் போய்வந்தது ஒக்டோபர் இருபதாம் திகதி. நான் இந்தப் பக்கத்தோடு அவளிடம் போனது நவம்பர் இருபத்திரண்டு.

இரத்தினசிங்கத்தைப் போன கிழமை விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் தாங்கித்தான் வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாக்கியத்தார் என்னோட ஒரே மண்டபத்திலதான் இருந்தவர். ஒக்டோபர் நடுவில, வெளிநாட்டுக்காரர் வரப்போகினமெண்டு கதை வந்தது. ஒருநாள் காலமை ஒரு பட்டியலைக் கொண்டுவந்து பேர் வாசிச்சவங்கள். வாசிச்ச பேர்காரரை இந்தப் பக்கம் இருத்தினவங்கள். மற்ற ஆக்களை லொறியில ஏத்தினவங்கள். அவர் ஏறேக்க என்னைப் பார்த்து, வீட்டில சொல்லு எண்டவர். என்ன சொல்லுறது எண்டு கேக்க முதல் லொறி எடுத்திட்டாங்கள்."

அண்ணா, பெயர் எழுதி அனுப்பினோம். இலக்கம் எழுதி அனுப்பினோம். முத்தலிப் நானா கையெழுத்து வைத்தார். பிறகும் ஏன் பெயர் இல்லை? விதி என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தாட்சி இருந்தால் பெயர் போடலாம் என்றும் நீங்கள்தான் முதலில் எழுதினீர்கள். எனக்கு விளங்கக்கூடிய மாதிரிச் சொல்லுங்கள்.

பூரணி

○

25.02.1991

பூரணி,

உன் கடிதம் என் கைக்கு வந்து இரண்டு மாதமாகிறது. பதில் எழுத ஐந்தாறு தரம் இருந்தேன். ஒவ்வொரு முறையும் விதியைப் பற்றி எழுதத் தொடங்கி, கிழித்துப் போட்டேன். இனி நடந்ததை எழுதுகிறேன்.

அந்தக் கேள்வி முதலில் வந்தது என் மேசைக்கு. பெயர், இலக்கம் எல்லாம் இருந்தன. பின்னால் முத்தலிப்பின் கூற்றின் பிரதி, தமிழில். என் தலைமை அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்: "இது உங்கள் பாஷைதானே. இதில் இருப்பது கேள்வியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? நீங்கள் உறுதி சொன்னால் பெயர் இருக்கட்டும்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அடுத்து அவர் கேட்பார் என்று நினைத்தேன், இவர்களை உங்களுக்குத் தெரியுமா என்று. மச்சான் என்று சொன்னால், இந்தக் கேள்வி சபைக்கு எப்படி வந்தது என்று கேட்பார். தவராசாவைத் தேடுவார்கள். ஆறு வருடம் தற்காலிகமாக இருந்த என்னை அந்த மாதம்தான் நிரந்தரமாக்கியிருந்தார்கள். இந்த நாட்டில் எனக்கு இருக்கும் ஒரே மரியாதை, எந்தப் பக்கமும் சாயாதவன் என்பது.

அவர் கேட்பதற்கு முன்னமே நான் சொன்னேன்: "எனக்கு இவர்களைத் தெரியாது. ஒரு கையெழுத்து வெட்டி மாற்றியிருக்கிறது. உறுதி சொல்ல ஏலாது."

அவர் தலையசைத்தார். நான் பேனையை எடுத்துப் பெயரை வெட்டி, மேலே 'ஒரு துறைமுக ஊழியர்' என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. மாலையில் அவர் என் தோளில் தட்டி, கவனமான வேலை என்றார்.

உன் டிசெம்பர்க் கடிதத்தை மச்சாளுக்குக் காட்டவில்லை. அவளே எடுத்து வாசித்துவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு போடுவாள், கதைக்கமாட்டாள்.

சபை இந்த மாதம் மறுபடி கூடியதும் தலைமை அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை வெளியேற்றவில்லை. "அன்றைக்கே சொல்லியிருந்தால், வேறொருவரைக் கொண்டு மொழிபெயர்த்துப் பெயரை விட்டிருப்பேனே" என்றார். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. இப்போது ஆவணங்கள் அடுக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

அந்தப் பெண் செனற்றர் கேள்வியைத் திரும்பவும் கேட்டார், இம்முறை முழுப் பெயரோடு. விசாரணைக்கு இன்னும் பதில் வரவில்லை என்றார் அமைச்சர். அந்தப் பக்கத்தை இணைத்திருக்கிறேன். பிந்திவிட்டது என்று தெரிந்தும் அனுப்புகிறேன்.

மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாயில்லை. என்னை ஏசியாவது ஒரு வரி எழுது.

அருளம்பலம்

○

உவர்மலை,
30.03.1991

திரு. அருளம்பலம் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய பக்கம் கிடைத்தது. பெயர் இருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை.

அதை எடுத்துக்கொண்டு ராசமலரையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனேன். இப்போது இருப்பவர் புதியவர். இரண்டு தரம் வாசித்தார். உள்ளே போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். திரும்பி வந்து எங்களுக்குக் கதிரை போடச் சொன்னார். ஒன்பது மாதத்தில் அந்த இடத்தில் நான் இருந்தது அன்றைக்குத்தான்.

புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். "ஓம், இவர் இங்க இருந்தவர்" என்றார். "ஒக்டோபர் பதினஞ்சாம் திகதி விசாரணை முடிஞ்சு விட்டாச்சு. போகேக்க கையெழுத்தும் வச்சிருக்கிறார், பாருங்க."

பார்த்தேன். இங்கிலீசு எழுத்தில் ஒரு கையெழுத்து. இவர் கலியாணப் பதிவிலும் சம்பளப் புத்தகத்திலும் தமிழிலேதான் கையெழுத்து வைத்தவர். வேறுவிதமாக வைக்கத் தெரியாது. "இது அப்பாட கையெழுத்தில்ல" என்று பிள்ளை சொன்னாள். "எழுத்தில இருக்கிறதத்தான் நாங்கள் பார்க்கலாம்" என்று அவர் புத்தகத்தை மூடினார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

ஏசச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நீங்கள் பயந்ததற்காக எனக்குக் கோபமில்லை. இங்கே பயப்படாத ஆள் ஒருவருமில்லை. முத்தலிப் நானாவும் பயந்தவர்தான். பயந்துகொண்டுதான் சேட்டு மாற்றிக்கொண்டு வந்தார். அவருடைய கை நடுங்கியதை நான் பக்கத்தில் நின்று கண்டேன். அந்த நடுக்கத்தைக் காரணம் காட்டித்தான் நீங்கள் பெயரை வெட்டினீர்கள். இதை நான் நானாவுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவர் இன்றும் கிழமைக்கு ஒருமுறை வந்து, ஏதும் செய்தி உண்டா என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இவருடைய மரணத்தைப் பதியச் சொல்கிறார்கள். பதிந்தால்தான் துறைமுகத்திலிருந்து வரவேண்டியது வரும். நான் மாட்டேன் என்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுக்க ஒரு இடம் கிடைத்திருக்கிறது. ராசமலர் டிசெம்பரில் சோதனை எடுப்பாள். எங்கள் பாட்டை நாங்கள் பார்ப்போம்.

எங்களைத் தெரியாது என்று உங்கள் அதிகாரியிடம் சொன்னீர்கள். பிறகு போய் அதை மாற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு அவசியமில்லை. முதலில் சொன்னபடியே இருக்கட்டும்.

மச்சாளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். உங்களோடு கதைக்காமல் இருக்கவேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி பூரணி பாக்கியரத்தினம்